கிழக்கு ஷெட்டில் இரண்டு கதவுக் கார்

மார்கழி 12, சனி

டயர் கடைக்காரர் கொடுத்த டைரியைப் பேத்தி மிருதுளா என் கையில் வைத்து, "தெனமும் எதாச்சும் எழுதுங்க ஆத்தா, நேரம் போகும்" என்றாள். என் நேரம் போகாமல் எங்கே நிற்கிறது? இருந்தாலும் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. இன்றைக்கும் கண்ணாடி போடாமல் பேப்பர் படிப்பேன்.

கரூரில் எங்களுடையது பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை. பெயர் பழனாத்தாள் பாடி பில்டர்ஸ். பழனாத்தாள் என்பது நான்தான். மிருதுளாவின் தாத்தா, என் வீட்டுக்காரர், பட்டறைக்கு வைத்த பெயர். எத்தனையோ ஊர்களில் பஸ்ஸின் முதுகில் என் பெயர் போகிறது. இப்போது மகன் முத்துரத்தினம் பார்த்துக்கொள்கிறான். அவனுடைய ஒரே மகள் மிருதுளா, கார் வரைவதற்கென்றே வடக்கே போய்ப் படித்தாள். வரைவதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம். எங்கள் வம்சத்தில் முதல் ஆள்.

ஊர் திரும்பி ஆறு மாதமாகக் கிழக்கு ஷெட்டில் பூட்டிக்கொண்டு என்னவோ செய்கிறாள். இன்றைக்குத்தான் உள்ளே விட்டாள். முத்து ஓட்டாமல் போட்டிருந்த பழைய கார், பின்பாதி அறுபட்டு, எலும்பாக நின்றது.

"ஏங்கண்ணு, பின்னாடிக் கதவு ரெண்டையும் காணமே, திருட்டுப் போயிருச்சா?"

"நாந்தான் எடுத்துட்டேன் ஆத்தா. இது ரெண்டு கதவுக் கார். பக்கத்துக்கு ஒண்ணு, நீளமா."

"அப்பப் பின்னாடி உக்கார்றவங்க?"

"முன் சீட்ட மடக்கிட்டு உள்ள போகோணும்."

"முன் சீட்டுல ஆள் இருந்தா?"

"அவங்க எறங்கி வழி விடோணும்."

முன்னால் சம்பந்தி அம்மாள் உட்கார்ந்திருந்தால்? அவளை எழுப்பி ரோட்டில் நிற்க வைத்துவிட்டு நாம் உள்ளே நுழைய வேண்டும். குடும்பச் சண்டைக்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை. வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஜோரா இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சளி பிடித்திருக்கிறது. மிளகு ரசம் வைத்தேன்.

மார்கழி 15, செவ்வாய்

சாப்பாட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் வாக்குவாதம்.

"பஸ் கட்டற ஊட்ல பொறந்துட்டு, இருக்கற கதவ அடைக்கற. கதவு கொறஞ்சா சனம் எப்படி ஏறும்?" என்றான் முத்து.

"சனத்த ஏத்தறதுக்கு நீங்க இருக்கறீங்களேப்பா. இது ரெண்டு பேருக்கு."

"பின்னாடி அவ்வளவு நீளம் எதுக்கு? பொணம் ஏத்தவா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். சாப்பிடும் இடத்தில் இதென்ன பேச்சு. மிருதுளா கோபப்படவில்லை. சீமையில் பிரபுக்கள் வேட்டைக்குப் போகும்போது துப்பாக்கி, நாய், சோற்றுக்கூடை எல்லாம் கூட வருமாம். ஆள் என்னவோ இரண்டே பேர். மூட்டை ஏற்றும் வண்டி வேகமாகப் போகாது, வேகமாகப் போகும் வண்டியில் மூட்டை ஏறாது. அதனால் வேகமாக ஓடும் காரின் முதுகை நீட்டி, கூரையைக் கடைசி வரை இழுத்து, பின்னால் மேலே தூக்குகிற மாதிரி மூடி போட்டார்களாம். அந்த ஜாதி வண்டி இது.

"கரூர்ல எந்தப் பிரபு வேட்டைக்குப் போறான்?"

"கோயமுத்தூர்ல வசுந்தரா டாக்டர் போறாங்க. ரெண்டு சிப்பிப்பாறை வளத்தறாங்க. நாய்ப் பந்தயத்துக்கு ஊர் ஊராப் போவாங்க. படத்தக் காட்டுனேன். முடிச்சா வாங்கிக்கறன்னாங்க."

கடைசியில் முத்து ஒரு தீர்ப்புச் சொன்னான். அந்த டாக்டர் வந்து காரை எடுத்துக்கொண்டால் கிழக்கு ஷெட் மிருதுளாவுக்கு. இந்த மாதிரி வண்டியே செய்துகொள்ளட்டும். எடுக்காவிட்டால், பூனாவில் ஒரு கார் கம்பெனி இவளுக்குக் கொடுத்திருக்கும் வேலையில் மாசி முதல் தேதி சேர்ந்துவிட வேண்டும். இவளும் சரியென்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கென்ன. பூனா போனால் போகட்டும். காலையில் இரண்டு தோசை கம்மியாகச் சுட்டால் போதும்.

மார்கழி 16, புதன்

பூனா எவ்வளவு தூரம் என்று பால்காரனிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

மார்கழி 21, திங்கள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டுமே என்று கிழக்கு ஷெட் சுவரைத் துடைக்கப் போனேன். சுவர் நீளத்துக்கும் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. விரிசலுக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். மிருதுளா போட்ட சத்தத்தில் எங்கள் பட்டறை ஹனீபா மேஸ்திரி வெல்டிங்கைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டார்.

"ஆத்தா! அதுதான் காரு!"

கார் அந்தப் பக்கம் நிற்கிறது, இவள் சுவரைக் காட்டுகிறாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். கார் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகச் சுவரில் டேப்பாலேயே வரைந்திருக்கிறாளாம். முன் கண்ணாடியில் ஏறி, கூரை மேல் படுத்து, வால் பக்கம் போகப் போகக் கொஞ்சமாக இறங்கும் அந்த ஒரு கோட்டுக்காகப் பத்து நாள் ஒட்டி ஒட்டிப் பிய்த்தாளாம். மற்றக் காரெல்லாம் முதுகுக்குப் பிறகு பொத்தென்று விழுந்துவிடும், இது விழாது. நாலு கதவு வைத்தால் கோடு துண்டு துண்டாகத் தெரியுமாம். கதவு ஒன்றாக நீளமாக இருந்தால் பார்க்கிறவர் கண் எங்கும் இடறாது.

"நின்னுட்டிருந்தாலும் ஓடற மாதிரி இருக்கோணும் ஆத்தா."

"நிக்கற வண்டி எதுக்கு ஓடற மாதிரி இருக்கோணும்? எறங்கறவங்க பயந்துக்குவாங்கல்ல?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். மிருதுளாவும் சிரித்தாள். பிய்ந்த நுனியை அவளே மறுபடி ஒட்டினாள். தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அவளுடைய தாத்தா பஸ்ஸைப் பார்ப்பது அப்படித்தான். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்கழி 29, செவ்வாய்

வலப் பக்கத்துக் கதவை மாட்ட ஹனீபா மேஸ்திரிக்கு மனசே வரவில்லை. "பெரியம்மா, இத்தன வருசத்துல பாசஞ்சர் கதவுன்னா எடது பக்கந்தான். இந்தப் பாப்பா வலது பக்கத்துலயும் அவ்வளவு பெருசா கேக்குது. எறங்குனா நடு ரோடுங்களே?" என்றார். "அது பாசஞ்சர் இல்ல மேஸ்திரி, ஓட்டறவங்க" என்று நான்தான் விளக்கினேன். படித்த பிள்ளையோடு இருந்தால் நமக்கும் நாலு விஷயம் தெரிகிறது.

மூக்கு இன்னும் திறக்கவில்லை.

தை 2, வெள்ளி

மாட்டுப் பொங்கல். எங்களிடம் மாடு இல்லை. காருக்கு மாலை போட்டேன். மிருதுளா அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

தை 13, செவ்வாய்

பெயிண்ட் அடித்தாயிற்று. கத்தரிக்காய் நிறம். அதிலே வெயில் பட்டால் ஒரு மினுமினுப்பு. நம் பட்டறை ஆட்கள் டீ குடிக்கிற சாக்கில் கிழக்கு ஷெட் வாசலிலேயே நிற்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களும் வேலியோரம் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். இத்தனை கண்ணும் நல்ல கண்ணாக இருக்குமா?

இவ்வளவு நீளக் கூரை சும்மா வெயிலில் காய்கிறதே என்று மோர் மிளகாய்த் தட்டு இரண்டைக் கொண்டுபோய் வைத்தேன். துணி விரித்துத்தான் வைத்தேன். அதற்கு அப்படிக் கத்த வேண்டியதில்லை.

தை 17, சனி

இன்று மழைச் சோதனை. எங்கள் பட்டறையில் எந்த வண்டியும் இதைத் தாண்டாமல் வெளியே போகாது. ஜன்னலெல்லாம் ஏற்றிவிட்டு, மேலே குழாய் வைத்து மழை மாதிரி ஊற்றுவார்கள். உள்ளே ஒரு ஆள் சாக்பீஸோடு உட்கார்ந்து, ஒழுகுகிற இடத்தில் கோடு போட வேண்டும். முன்பெல்லாம் பஸ்ஸுக்குள் உட்காரும் அந்த ஆள் நான்தான். இதற்கும் நானே உட்காருவேன் என்றேன்.

முன் சீட்டை மடக்கி, மிருதுளா ஒரு கையையும் மேஸ்திரி ஒரு கையையும் பிடித்து, பின் சீட்டுக்குள் என்னைச் செலுத்தினார்கள். போய் உட்கார்ந்தபின் சுகம்தான். தலைக்கு மேல் கூரை பின்னால் வரை போகிறது. முதுகுக்குப் பின்னே நாய்களுக்கு இடம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உலகம் சினிமா மாதிரி நீளவாக்கில் தெரிகிறது.

தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஈ எறும்பு நுழைய வழியில்லை. சாக்பீஸைப் புதுசாகவே திருப்பிக் கொடுத்தேன்.

"பெரியம்மா, காத்துக்கூடப் போகாதுங்க" என்றார் மேஸ்திரி.

நாளைக்கு டாக்டர் வருகிறாள். மிருதுளா ராத்திரி சாப்பிடவில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை, சளியால். காப்பி வெந்நீர் மாதிரி இருக்கிறது. மல்லிகைப் பூவை மூக்கில் வைத்து அழுத்தினாலும் வாசனை வரமாட்டேன் என்கிறது.

தை 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பஸ் ஒப்படைக்கும் நாளில் வீட்டில் மூத்த பெண் சாம்பிராணித் தூபத்தோடு பின் வாசலில் ஏறி முன் வாசலில் இறங்குவது எங்கள் வழக்கம். இந்தக் காரில் அப்படி ஏறி இறங்க வழியில்லை. ஆகவே தூபக்காலை உள்ளேயே, நாய்களுக்கான இடத்தில் தாம்பாளம் போட்டு வைத்தேன். ஊர்க் கண் அத்தனையும் பட்ட வண்டி. அதனால் கூடவே கொஞ்சம் உப்பும் வரமிளகாயும் போட்டேன். ஒரு கைப்பிடி. இரண்டு கைப்பிடி இருக்கும். புகை வீணாகப் போகக் கூடாதென்று கதவைச் சாத்தினேன்.

திருஷ்டி இருந்தால் மிளகாய் கமறாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குக் கொஞ்சம்கூடக் கமறவில்லை. எவ்வளவு பெரிய திருஷ்டி கழிந்திருக்கிறது என்று நினைத்து எனக்கே உடம்பு சிலிர்த்தது.

டாக்டர் வந்தாள். அறுபது வயதுக்குக் கிட்ட. கிராப்பு வெட்டிய நரை முடி, தானே கார் ஓட்டி வந்தாள். பல் டாக்டராம், வந்ததும் என் பல்லைத்தான் பார்த்தாள். கூடவே இரண்டு நாய்கள், பீமன் என்றும் பப்பாளி என்றும். நாய்க்குப் பப்பாளி என்று பெயர் வைத்தவளை நம்பிப் பேத்தி இருக்கிறாளே என்று எனக்குக் கவலை.

ஆனால் காரைப் பார்த்ததும் அந்த அம்மாள் என் பல்லை விட்டுவிட்டாள். சுற்றி வந்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை. கூரை விளிம்பில் விரலை வைத்து வால் வரை இழுத்துக்கொண்டே நடந்தாள். "மிருதுளா, எப்படிம்மா இது?" என்றாள். குழந்தை குரல் மாதிரி வந்தது. முத்து மீசையைத் தடவினான்.

"என் புள்ளைங்க ஏறிப் பாக்கட்டும்" என்று பின் மூடியைத் தூக்கினாள்.

தாம்பாளத்தை எடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

டாக்டர் தும்மினாள். மிருதுளா இருமினாள். மேஸ்திரி முண்டாசை அவிழ்த்து முகத்தை மூடினார். பீமன் முன்னங்காலால் மூக்கை அடித்துக்கொண்டு ஒரு துள்ளில் வேலியைத் தாண்டிப் பக்கத்துப் பட்டறைக்கு ஓடிவிட்டது. பப்பாளி மண்ணில் மூக்கைத் தேய்த்து அழுதது. நாய் அழுது இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் மட்டும் நன்றாகத்தான் இருந்தேன். "ஒரு கமறலும் இல்லீங்களே?" என்றேன்.

பீமனைப் பிடித்து வரவே பாதி மத்தியானம் ஆயிற்று. பின் மூடி, கதவு எல்லாம் திறந்து வைத்து, விசிறி விட்டு, பிஸ்கட் காட்டி என்னென்னவோ செய்தார்கள். காரை நோக்கி இழுத்தாலே இரண்டும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு அசையவில்லை.

"நான் இதுங்களுக்காகத்தாம்மா கார் வாங்கறேன்" என்றாள் டாக்டர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "இதுங்க ஏறாத வண்டிய வெச்சு நான் என்ன செய்ய? மன்னிச்சுக்கம்மா."

போய்விட்டாள்.

தை 19, திங்கள்

வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நாய்களைச் சரியாகப் பழக்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வேன்?

தை 20, செவ்வாய்

காருக்குள் எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தேன். சும்மாதான்.

தை 22, வியாழன்

மிருதுளா பூனாக்காரர்களிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ரயிலுக்குப் பதிவு பண்ணியாயிற்று. சுவரில் இருந்த டேப்பை அவளே பிய்த்து உருட்டிக் குப்பையில் போட்டாள்.

"கோவமா கண்ணு?" என்றேன்.

"இல்லீங்க ஆத்தா. எதுக்குக் கோவம்?"

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவளுக்குப் பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி இடித்தேன். இடித்ததில் கண்ணில் நீர். பொடி நெடி. இன்று காலையிலிருந்து மூக்கு திறந்துவிட்டது.

தை 25, ஞாயிறு

பட்டறை லீவு. மிருதுளா பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். கமறல் போய்விட்டதா என்று பார்க்கக் கிழக்கு ஷெட்டுக்குப் போனேன். பார்க்கிறவள் முழுசாகப் பார்க்க வேண்டுமல்லவா? முன் சீட்டை மடக்கி, பிடித்துப் பிடித்துப் பின் சீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். எலுமிச்சை வாசனைதான் இருந்தது.

போனவளுக்கு வெளியே வர முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. பொய் இல்லை. எனக்கு முட்டி பிடிப்பது உண்டு. கையிலிருந்த செல்போனில் முத்துவைக் கூப்பிட்டேன்.

வந்து தலையில் அடித்துக்கொண்டான். "உங்களுக்கு எதுக்குங்மா இந்த வேல? கையக் குடுங்க."

"ஐயோ, தொடாதே. இழுத்தா உசுரு போயிரும். அப்படியே ஊட்டு வாசல் வரைக்கும் ஓட்டிட்டுப் போ சாமி. அங்க போறதுக்குள்ள முட்டி உட்டுரும்."

"இதையா? ரோட்ல கொண்டுபோக இன்னும் அனுமதியே வாங்கல."

"ரோடு எதுக்கு? நம்ம சைட்டு வழியாப் போலாமல்ல?"

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கள் நிலம்தான் மனை பிரித்துக் கிடக்கிறது. தார் ரோடு இருக்கிறது, கலர்க் கொடி இருக்கிறது, வீடு மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தான். சீட்டு தாழ்வு, கால் நீளமாகப் போகிறது என்று குறை சொன்னான். சாவியைத் திருப்பினான். வண்டி கொஞ்சம் உறுமியது.

முத்து வண்டி ஓட்டிப் பல வருஷம் ஆகிறது. முதலாளி ஆனபின் டிரைவர் ஓட்டுகிறான், இவன் பின்னால் உட்கார்ந்து பிரஷர் மாத்திரை போடுகிறான். இருபது வயதில் அப்படியா இருந்தான்? மெட்ராஸ் கம்பெனியிலிருந்து பஸ் சேஸை இவன்தான் ஓட்டி வருவான். கூடு கட்டாத வண்டி. எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், உட்கார ஒரு பலகை, மேலே வானம். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காது சிவந்து, பல்லெல்லாம் தெரிய வந்து இறங்குவான். "வண்டியாட்டமே இல்லீங்மா, பறக்கறாப்டி இருக்குது" என்பான்.

முதல் திருப்பத்தில் மெதுவாகத் திருப்பினான். இரண்டாவதில் அவ்வளவு மெதுவாக இல்லை. நேர் ரோடு வந்தது. அழுத்தினான். நான் சீட்டோடு ஒட்டிக்கொண்டேன். கலர்க் கொடியெல்லாம் ஒரே கோடாகப் போனது. வீட்டு வாசல் வந்தது. வாசல் போனது.

நான் முட்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி பட்டறைப் பக்கம் வந்து மறுபடி திரும்பினான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. காது சிவந்திருந்தது.

"இந்த ஓரத்துச் சன்னல் கண்ணாடிய ஏன் இப்படிச் சாச்சு வெச்சிருக்கறா?" என்றான், என்னிடம் கேட்பது போல.

"எனக்கென்ன தெரியும்? அவளக் கேளு."

"திரும்பறப்ப அது வழியா எல்லாம் தெரியுது. அதுக்குத்தான் வெச்சிருக்கறா." அவனே சொல்லிக்கொண்டான். "முட்டி எப்படிங்மா இருக்குது?"

"இன்னும் புடிச்சுட்டுத்தான் இருக்குது."

"அப்ப இன்னொரு சுத்துப் போலாம்."

தை 26, திங்கள்

காலையில் முத்து பட்டறைக்குக் காரில் போனான். அந்தக் காரில்தான். மத்தியானம் சாப்பிட வந்தான், அதற்கு முன் மூன்று சுற்றுச் சத்தம் கேட்டது. மிருதுளா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மடித்துக் கொடுத்தேன். மெதுவாகத்தான் மடித்தேன்.

தை 27, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது டாக்டர் போன் பண்ணினாள். மிருதுளா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"மிருதுளா, எனக்குத் தூக்கம் வரல. அந்த முதுகுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. நாய்ங்க என் தம்பி வண்டில வரட்டும். நான் எடுத்துக்கறேன். நாளைக்கே வரட்டா?"

மிருதுளா சோற்றுக் கையோடு எழுந்தே விட்டாள். முத்து இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது விக்கறதுக்கு இல்லீங்க."

"அப்பா!"

"என்ற பழைய காரு, நான் வாங்குனது. எனக்கு ஓட்டத்தான் வேணும்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சித்த நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று மிருதுளா போனை வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "டாக்டர் எடுத்துக்கிட்டா ஷெட்டுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க? இப்ப எடுத்துக்கறங்கறாங்க, நீங்க குடுக்க மாட்டீங்கறீங்க. நான் என்ன பண்றது?"

"அந்தம்மாளுக்கு வேற ஒண்ணு பண்ணிக் குடு."

"ஒரு வண்டி பண்ண எத்தன மாசம் ஆகும்னு தெரியுமா? எங்க வெச்சுப் பண்றது?"

"எங்க வெச்சுப் பண்ணுவ?" முத்து இலையைத் தட்டினான். அசட்டுப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டினான். "கெழக்கு ஷெட்டுலதான் வெச்சுப் பண்ணோணும், பின்ன எங்க வெப்ப? இவ்வளவு படிச்சு இதுகூடத் தெரியாதா?"

சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. நான் அவன் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன். கேட்கவில்லை, போட்டேன். ரசமும் ஊற்றினேன். குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.

"அவங்களுக்குப் பண்றப்ப அந்தச் சாஞ்ச கண்ணாடிய வெக்காத. அது என்ற வண்டிக்கு மட்டும் இருக்கட்டும்" என்றான், ரசத்தைப் பிசைந்துகொண்டே.

மாசி 1, வெள்ளி

இன்று மிருதுளா பூனாவில் வேலையில் சேர்ந்திருக்க வேண்டிய நாள். வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டாள். ரொம்ப வருத்தப்பட்டார்களாம், பிறகு வாழ்த்துச் சொன்னார்களாம். நல்ல மனிதர்கள். அவர்களுக்கு வேறு பிள்ளை கிடைக்கும்.